ஷார்ட்ஸ்டாப் பந்தை எங்கே எறிய வேண்டும்? பேஸ்பால் சிமுலேஷனில் இன்ஃபீல்டு முடிவுகள்

பெருந்துறைப் பக்கம் பேஸ்பால் சிமுலேஷன் ஒன்றை எழுதிக்கொண்டிருக்கும் மூன்று தம்பிகள் கேட்ட கேள்வி இது: “எங்க ஷார்ட்ஸ்டாப் எப்பப் பாத்தாலும் ஃபர்ஸ்ட் பேஸுக்கே வீசறானுங்ண்ணா. தேர்ட்ல இருக்கற ரன்னர் ஹோமுக்கு ஓடீட்டிருந்தாலும் கண்டுக்கறதில்லைங்க. கிட்டத்துல எந்த பேஸ் இருக்கோ அங்க வீசுன்னு மாத்தினா, எந்நேரமும் டபுள் பிளே எடுத்தே போடறான். நெசமான ஆட்டம் மாதிரி எப்படிங்ண்ணா கொண்டு வரது?”

ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: பந்து வீசுபவர் பிட்சர், ஹோமுக்குப் பின்னால் உட்கார்ந்து அதைப் பிடிப்பவர் கேட்சர். அடித்தவர் ஹோமிலிருந்து ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று பேஸ்களைச் சுற்றி ஹோமுக்கே திரும்பினால் ஒரு ரன். இந்த பேஸ்களைச் சுற்றிய உட்பகுதி இன்ஃபீல்டு. அதில் செகண்டுக்கும் தேர்டுக்கும் இடையே நிற்பவர் ஷார்ட்ஸ்டாப். ஒரே அடியில் இரண்டு பேரை அவுட் ஆக்குவது டபுள் பிளே. இரண்டு கோளாறுக்கும் வேர் ஒன்றுதான், தம்பி. உங்கள் ஆட்டக்காரர் பந்து கைக்கு வந்த பிறகுதான் யோசிக்கத் தொடங்குகிறார். அதுவும் எஞ்சினுக்கு, அதாவது ஆட்டத்தை ஓட்டும் உங்கள் நிரலுக்கு, தெரிந்த உண்மையை வைத்து யோசிக்கிறார். நிஜ மைதானத்தில் முடிவின் பெரும்பகுதி பிட்சர் பந்தை விடுவதற்கு முன்பே எடுக்கப்பட்டிருக்கும். மிச்சம் அரை வினாடியில், பாதி பார்த்தும் பாதி ஊகித்தும் எடுக்கப்படுவது. இந்த இரண்டையும் கொண்டுவந்துவிட்டால் மற்றவை தாமாகச் சீராகும்.

முதலில் கிரிக்கெட் பழக்கத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் எழுதும் ஃபீல்டிங் கோடில் அது தெரியாமல் நுழைந்துவிடுகிறது. கிரிக்கெட்டில் அடித்தவர் ஓடாமல் நிற்கலாம். ஒரு பந்தில் ஒரு விக்கெட்தான். பேஸ்பாலில் பந்து தரையில் பட்டு எல்லைக் கோடுகளுக்குள் உருண்டால் அடித்தவர் ஓடியே ஆக வேண்டும். அவர் ஃபர்ஸ்டுக்கு வருவதால், அங்கே ஏற்கெனவே நிற்பவர் இடத்தைக் காலி செய்தே ஆக வேண்டும். அந்தக் கட்டாயம்தான் ஃபோர்ஸ். ஃபோர்ஸ் இருக்கும் பேஸில் பந்தோடு காலை வைத்தால் போதும். இல்லாத பேஸில் ரன்னரின் உடம்பைத் தொட வேண்டும். தொடுவதற்குக் கூடுதலாக 0.2 வினாடி ஒதுக்குங்கள். கையுறையும் ஒரு வித்தியாசம். கிரிக்கெட்டில் எடுத்த கையே எறிகிறது. இங்கே இடது கைக் கையுறையில் விழுந்த பந்தை வலது கைக்கு மாற்றி, விரலைத் தையலில் பிடித்து, காலைத் திருப்பி எறிய வேண்டும். இந்த மாற்றும் நேரத்தை விட்டுவிட்டுத்தான் பலருடைய எஞ்சினில் எல்லோரும் அவுட் ஆகிறார்கள்.

இப்போது நேரக் கணக்கு. ஒரு அவுட் என்பது பந்து கையுறைக்கு வரும் நேரம், அதை எடுத்து மாற்றும் நேரம், எறிந்த பந்து பறக்கும் நேரம், வாங்குபவர் பேஸைத் தொடும் நேரம் ஆகியவற்றின் கூட்டல். அது ரன்னரின் நேரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். பேஸ்களுக்கு இடையே 90 அடி, அதாவது 27.43 மீட்டர். அமெரிக்காவின் உச்ச நிலைத் தொழில்முறை ஆட்டமான மேஜர் லீக்கில் 2023 முதல் பேஸ் 15 அங்குலச் சதுரத்திலிருந்து 18 அங்குலச் சதுரமானதால் ஹோமிலிருந்து ஃபர்ஸ்டுக்கு 3 அங்குலம் குறைந்திருக்கிறது. நேரத்தில் இது 0.01 வினாடி அளவுதான். கணக்கில் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் பெரிய மாற்றம் இல்லை. வலது கை அடிப்பவர் ஃபர்ஸ்டைத் தொட சராசரியாக 4.3 வினாடி ஆகும். இடது கை அடிப்பவர் ஓரடி முன்னால் நிற்பதால் 4.2. வேகமானவர் 4.0-க்குள் தொடுவார், கனத்த கேட்சர்கள் 4.7 வரை எடுப்பார்கள். உச்ச ஓட்ட வேகம் சராசரிக்கு வினாடிக்கு 27 அடி, மிகச் சிறந்தவர்களுக்கு 30 அடி.

ஃபர்ஸ்டில் நிற்கும் ரன்னர் பந்து அடிபடும் நேரத்தில் 15 அடியாவது தள்ளி வந்திருப்பார். எனவே செகண்டுக்கு 3.4 வினாடி என்று தொடங்குங்கள். தேர்டிலிருந்து அடிபட்ட நொடியே ஹோமுக்குக் கிளம்புபவருக்கு 3.3. எறியும் வேகம் மணிக்கு 80 மைல் என்றால் வினாடிக்கு 117 அடி. காற்றுத் தடையைக் கழித்தால் இன்ஃபீல்டு தூரங்களில் சராசரி 108 அடி என்று கொள்ளலாம். ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து ஃபர்ஸ்டுக்கு 125 அடி எறிய 1.15 வினாடி. இவையெல்லாம் தொடக்க எண்கள். உங்கள் எஞ்சினின் தரை உராய்வு, பந்தின் எழும்பல் இவற்றோடு பொருத்திச் சற்றே திருத்த வேண்டியிருக்கும்.

தரையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பந்தின் எழும்பலை அளக்க வீடியோ எடுக்கிறீர்கள் என்றால் காங்கேயம், பல்லடம் பக்கத்துக் காய்ந்த செம்மண் தரையில் எடுக்காதீர்கள். அங்கே பந்து கல்லில் பட்டதுபோல் விர்ரென்று எழும்பும். பேஸ்பால் இன்ஃபீல்டில் முதல் எழும்பல் பெரும்பாலும் புல்லில். புல் வேகத்தை இழுத்துப் பிடிக்கும். பின்னால் இருக்கும் மண் பகுதியையும் ஆட்டத்துக்கு முன் நீர் தெளித்து இறுகவிட்டிருப்பார்கள். கல்லூரி சாஃப்ட்பால் ஆட்டங்களில் நேரம் எடுப்பதாக இருந்தாலும் கவனம் வேண்டும். அங்கே பேஸ் இடைவெளி 60 அடிதான். ஓட்டமும் எறியும் இரண்டுமே சுருங்குவதால், நேரத்தை ஒன்றரை மடங்காகப் பெருக்கினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஓட்டத்தில் முதல் சில அடிகள்தான் மெதுவானவை. அவை இரண்டு ஆட்டத்திலும் ஒன்றே. 27.43 மீட்டரை டேப் வைத்து அளந்து, ஒருவரை ஓடவிட்டு ஸ்டாப்வாட்சில் பார்ப்பதே நல்லது.

டபுள் பிளே ஏன் எந்நேரமும் விழுகிறது என்பதை இந்த எண்களே சொல்லிவிடும். ஷார்ட்ஸ்டாப், செகண்ட் பேஸ்மேன், ஃபர்ஸ்ட் என்று போகும் 6-4-3-ஐ (இவை அந்த ஆட்டக்காரர்களின் நிலை எண்கள்) எடுத்துக்கொள்ளுங்கள். பலமாக அடித்து நேராக வந்த பந்து: கைக்கு வர 1.25, மாற்ற 0.70, செகண்டுக்குத் தள்ள 0.45, அங்கே வாங்கித் திரும்ப 0.65, ஃபர்ஸ்டுக்கு எறி 0.90. மொத்தம் 3.95. சராசரி ஓட்டக்காரர் 4.3-இல் வருகிறார், டபுள் பிளே கிடைக்கும். சாதாரணப் பந்து: 1.60, 0.80, 0.45, 0.70, 0.90. மொத்தம் 4.45. சராசரிக்காரர் தப்பிவிடுவார், அடித்தவர் 4.7 எடுக்கும் கனத்த கேட்சராக இருந்தால் மாட்டுவார். மெதுவாக உருண்டு வந்த பந்து என்றால் கைக்கு வரவே 2.1 ஆகிவிடும். அப்போது செகண்டில் ஃபோர்ஸ்கூட 3.4-க்கு 3.4 என்று இழுபறிதான். ஆனால் பந்தை நோக்கி ஓடி வந்து எடுத்ததால் ஃபர்ஸ்டுக்கு 4.05-இல் முடிக்கலாம். அதனால்தான் மெதுவான பந்துக்கு எந்த அனுபவசாலியும் செகண்டைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. உங்கள் எஞ்சினில் எப்போதும் டபுள் பிளே விழுகிறது என்றால் முதலில் செகண்டில் திரும்பும் அந்த 0.65–0.70 வினாடி இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக அங்கே சுழியம் இருக்கும்.

திரும்புபவரின் வேலையை ஒரே எண்ணாக வைக்காதீர்கள். ஷார்ட்ஸ்டாப் செகண்டில் வாங்கினால் அவர் ஓட்டம் ஏற்கெனவே ஃபர்ஸ்ட் பக்கம் போய்க்கொண்டிருக்கும், 0.60 போதும். செகண்ட் பேஸ்மேன் வாங்கினால் ஃபர்ஸ்டுக்கு முதுகு காட்டி வந்து திரும்ப வேண்டும், 0.70. கொடுக்கப்பட்ட பந்து மார்புக்கு நேரே வராமல் முழங்காலுக்கோ பின்பக்கத்துக்கோ வந்தால் இன்னும் 0.15–0.25 கூட்டுங்கள். கூடவே, பேஸைத் தொட்டே ஆக வேண்டும். வழுக்கி வருபவர் பேஸுக்கு உண்மையாகவே வழுக்க வேண்டும் என்ற விதி 2016-இல் வந்தபோது, காலை பேஸுக்குப் பக்கத்தில் வைத்தாலே அவுட் கொடுத்துவந்த பழைய வழக்கமும் ரீப்ளேவில் சோதிக்கப்படுவதாக மாறியது. பழைய காலத்து ஆட்டத்தையும் உருவாக்குகிறீர்கள் என்றால் இது ஆண்டைப் பொறுத்து மாறும் அமைப்பாக இருக்கட்டும்.

நேரம் மட்டும் முடிவு சொல்லாது. எந்த அவுட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்பதும் வேண்டும். அதற்கு எதிர்பார்க்கும் ரன் அட்டவணை என்று ஒன்று உண்டு: பேஸ்களின் நிலை, அவுட் எண்ணிக்கை இரண்டையும் வைத்து, அந்த இன்னிங்ஸ் முடிவதற்குள் சராசரியாக எத்தனை ரன் வரும் என்று சொல்வது. 2010–2015 மேஜர் லீக் கணக்குப்படி, ஃபர்ஸ்டில் ஆள், அவுட் இல்லை என்றால் 0.86, ஃபர்ஸ்டில் ஆள், ஒரு அவுட் 0.51, செகண்டில் ஆள், ஒரு அவுட் 0.66; யாரும் இல்லை, இரண்டு அவுட் 0.10, ஃபர்ஸ்ட், செகண்ட் இரண்டிலும் ஆள், அவுட் இல்லை 1.44.

இதை ஷார்ட்ஸ்டாப்பின் கையில் கொடுங்கள். ஃபர்ஸ்டில் ஆள், அவுட் இல்லை. ஃபர்ஸ்டுக்கு எறிந்தால் நிச்சய அவுட் என்று வையுங்கள், நிலை 0.66 ஆகும். செகண்டுக்கு எறிந்து ஃபோர்ஸ் மட்டும் கிடைத்தால் 0.51. எறிந்தும் கிடைக்காமல் இருவரும் தப்பினால் 1.44. டபுள் பிளேவுக்கு வாய்ப்பே இல்லை என்றால் செகண்டில் 84% உறுதி இருந்தால்தான் அங்கே எறிவது லாபம். டபுள் பிளேவுக்கு 40% வாய்ப்பு இருந்தால் அந்த எல்லை 66%-க்கு இறங்கிவிடும். ஃபர்ஸ்டே நிச்சயம் இல்லை, 90%தான் என்றால், டபுள் பிளே இல்லாத நிலையிலும் எல்லை 75% அளவுக்கு வரும். பாருங்கள், “கிட்டத்து பேஸ்” என்ற சொல் இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. தூரம் நேரத்துக்குள் கரைந்துவிட்டது. மிஞ்சுவது வாய்ப்பும் மதிப்பும்தான்.

நேர மிச்சத்தை, அதாவது ரன்னர் வருவதற்கு எவ்வளவு முன்னால் அவுட் முடிகிறது என்பதை, வாய்ப்பாக மாற்ற எளிய வழி: மிச்சத்தை 0.2 வினாடியால் வகுத்து இயல்நிலைப் பரவல் வளைவில் போடுங்கள். மிச்சம் சுழியம் என்றால் 50%, 0.1 என்றால் 69%, 0.2 என்றால் 84%, 0.4 என்றால் 98%. அந்த 0.2 என்பதுதான் ஆட்டக்காரரின் கணிப்புப் பிழை. தேர்ந்தவருக்கு 0.12 என்றும், புதியவருக்கு 0.3 என்றும் வையுங்கள். எஞ்சினுக்கு உண்மை நேரம் தெரியும்; ஆனால் முடிவெடுக்கும் பகுதிக்கு அதை நேரடியாகக் கொடுக்காதீர்கள். உண்மை நேரத்தோடு இந்தப் பிழையைக் கலந்து, கலந்ததை மட்டும் கொடுங்கள். அப்போதுதான் செகண்டுக்கு எறிந்து நூலிழையில் தவறவிடுவதும், ஃபர்ஸ்டுக்கு எறிந்துவிட்டு “அடடா, முன்னால் போனவரையே எடுத்திருக்கலாமே” என்று பார்ப்பவர் சொல்வதும் நிகழும். நிஜ ஆட்டத்தின் ருசியே இந்தத் தவறுகளில் இருக்கிறது. பிடி நழுவுவதையும் எறி தவறுவதையும் மட்டும் பிழையாக வைத்துவிட்டு முடிவில் பிழையே இல்லாமல் விட்டால், நல்ல மூளையும் மோசமான கையும் உள்ள விசித்திர அணிதான் கிடைக்கும்.

பிழையின் அளவு பார்வையைப் பொறுத்தும் மாற வேண்டும். ஃபர்ஸ்ட் பேஸ்மேன் பன்டுக்காக (மட்டையை வீசாமல் மெல்லத் தட்டிவிடும் பந்துக்காக) முன்னால் பாய்ந்து வரும்போது செகண்டுக்கு ஓடுபவர் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறார். தேர்ட் பேஸ்மேன் மெதுவான பந்துக்கு ஓடி வரும்போது செகண்டிலிருந்து தேர்டுக்கு ஓடுபவரும் அப்படியே. இவர்களுக்குப் பிழையை இரட்டிப்பாக்குங்கள். மைதானம் முழுவதையும் பார்த்து நிற்பவர் கேட்சர் ஒருவர்தான், அதனால்தான் அவர் “ஒன்!”, “டூ!”, “ஃபோர்!” என்று எறிய வேண்டிய பேஸின் எண்ணைக் கத்துகிறார். ஃபோர் என்றால் ஹோம். கேட்சரின் குரலை ஒரு செய்தியாக, கணிப்புப் பிழையைக் குறைக்கும் காரணியாக வையுங்கள். கூட்டம் ஆர்ப்பரிக்கும் இரைச்சலில் அது சில நேரம் கேட்காமலும் போகட்டும்.

இனி, பந்து வருவதற்கு முன் நடக்க வேண்டியது. நிற்கும் இடமே முதல் முடிவு. சாதாரண நிலையில் ஷார்ட்ஸ்டாப் ஹோமிலிருந்து 145 அடி தூரத்தில் நிற்பார். டபுள் பிளே நிலையில் சில எட்டு முன்னாலும் செகண்ட் பக்கமும் வந்து 130–135 அடி. இன்ஃபீல்டை முன்னால் இழுத்தால் பேஸ் கோட்டின் மேலே, 100 அடி. 2023 முதல் மேஜர் லீக்கில் செகண்டின் இரு பக்கமும் இரண்டிரண்டு இன்ஃபீல்டர்கள் நிற்க வேண்டும். பிட்சர் தட்டின் மேல் நிற்கும்போது நால்வரின் காலும் மண் பகுதியின் வெளி விளிம்புக்குள் இருக்க வேண்டும். அந்த விளிம்பு பிட்சர் தட்டிலிருந்து 95 அடி ஆரமுள்ள வில். ஷார்ட்ஸ்டாப் நிற்கும் திசையில் ஹோமிலிருந்து 150 அடி அளவில் விழும். அதைத் தாண்டி யாரையும் நிறுத்தாதீர்கள்.

முன்னால் இழுப்பது ஏன், எப்போது என்பதையும் நேரமே சொல்கிறது. தேர்டில் ஆள். 145 அடியில் நிற்பவருக்குப் பந்து வர 1.3, மாற்ற 0.75, ஹோமுக்கு எறி 1.35, தொட 0.2. மொத்தம் 3.6, ரன்னர் 3.3-இல் வந்துவிடுகிறார். 100 அடியில் நின்றால் 0.85, 0.70, 0.95, 0.2, மொத்தம் 2.7, ஆள் அவுட். ஆனால் விலையும் உண்டு. பந்தைப் பார்க்கக் கிடைக்கும் நேரம் 0.45 வினாடி குறைகிறது. எதிர்வினைக்கு 0.25 வினாடி போனால் பக்கவாட்டில் ஓட ஒரு வினாடி இருந்த இடத்தில் 0.6 வினாடிதான் மிஞ்சும். முடுக்கத்தில் தூரம் நேரத்தின் இருமடிப் பெருக்கத்தில் வளர்வதால், ஓடிப் பிடிக்கும் தூரம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். சாதாரணமாகக் கைக்கு வந்திருக்கும் பந்துகள் இடையே புகுந்து வெளியே போகும். இதை எஞ்சின் இயற்பியலே கொடுத்துவிடும். “முன்னால் நின்றால் ஹிட் வாய்ப்பு இத்தனை சதவீதம் கூடும்” என்று தனியாக எழுத வேண்டாம். எழுதினால் இரண்டு முறை தண்டனை கொடுத்ததாகிவிடும்.

முன்னால் நின்று பந்தும் கைக்கு வந்துவிட்டது. ஹோமா, ஃபர்ஸ்டா? தேர்டில் மட்டும் ஆள், ஒரு அவுட் என்று வையுங்கள். ஃபர்ஸ்டுக்கு எறிந்தால் ஒரு ரன் போய், யாரும் இல்லாத இரண்டு அவுட், 1.10. ஹோமில் எடுத்தால் ஃபர்ஸ்டில் ஆள், இரண்டு அவுட், 0.22. ஹோமில் தவறினால் ஒரு ரன்னோடு ஃபர்ஸ்டில் ஆள், ஒரு அவுட், 1.51. போட்டுப் பார்த்தால் ஹோமில் 32% வாய்ப்பு இருந்தாலே எறியலாம் என்று வருகிறது. அவுட் இல்லாத நிலையில் அதே கணக்கு 45% கேட்கிறது, ஏனென்றால் அங்கே தவறினால் நிலை 1.86-க்குப் போய்விடும். ஒரு அவுட்டில் துணிச்சலாகவும், அவுட் இல்லாதபோது சற்று நிதானமாகவும் அணிகள் ஹோமுக்கு எறிவதற்கு இந்த வித்தியாசமே காரணம். இந்த இரண்டு எண்களும் தனித்தனியே வெளிப்பட்டால் உங்கள் ஆட்டக்காரர்கள் விவரம் தெரிந்தவர்களாகத் தோன்றுவார்கள்.

தேர்டில் இருப்பவர் கிளம்பவில்லை என்றால் வேறொரு செயல் வேண்டும்: ஒரு பார்வை பார்த்து அவரை நிறுத்திவிட்டு ஃபர்ஸ்டுக்கு எறிவது. அந்தப் பார்வைக்கு 0.25 வினாடி செலவு. ஃபர்ஸ்டில் அவ்வளவு மிச்சம் இல்லை என்றால் பார்க்காமலே எறிய வேண்டியதுதான்; அந்த ஆபத்தை அறிந்த ரன்னர் எறி கையை விட்டதும் பாய்வார். பார்வையைத் தனிச் செயலாக வைத்தால் இந்தக் கண்ணாமூச்சி தானே உருவாகும்.

பந்து வருமுன் ஒவ்வொரு இன்ஃபீல்டரும் ஒரு சிறு அட்டவணையை மனத்தில் வைத்திருப்பதுபோல் எழுதுங்கள்: பலமாக நேரே வந்தால் எங்கே, ஓரமாக வந்தால் எங்கே, மெதுவாக வந்தால் எங்கே. அதன்பின் மூன்று இடத்தில் மட்டும் மறுபரிசீலனை. அடிபட்டு 0.4 வினாடி கழித்துப் பந்தின் வேகமும் எழும்பலும் தெரியும்போது முதல் முறை. கையுறைக்குள் பந்து நின்றதும் இரண்டாம் முறை. கேட்சரின் குரல் வந்தால் மூன்றாம் முறை. ஒவ்வொரு ஃப்ரேமிலும் கணக்குப் போட்டால் எறியும் கை இங்கும் அங்கும் ஆடும். அது பார்க்கவே செயற்கையாக இருக்கும். கால் திரும்பிய பின் முடிவை மாற்றினால் 0.3 வினாடி தண்டனை கொடுங்கள்.

பந்து தட்டி விழுந்தால் பழைய திட்டத்தை முழுதாக அழித்துவிடுங்கள். குனிந்து எடுக்க 0.6 முதல் 1 வினாடி போய்விடும். டபுள் பிளே கனவு கலைந்தாயிற்று, நிச்சயமான ஒரு அவுட்டை மட்டும் தேட வேண்டும். அதுவும் இல்லை என்றால் எறியாமல் கையில் வைத்துக்கொள்வது. இந்த “எறியாதே” என்ற தேர்வு அநேகமாக எந்தப் புது எஞ்சினிலும் இருப்பதில்லை, தம்பி. அது இல்லாததால்தான் நம்பிக்கையில்லாத இடத்துக்கெல்லாம் எறிந்து ஆட்டம் குழப்பமாகிறது. தவறிய எறி பார்வையாளர் பக்கம் போனால் இரண்டு பேஸ் பரிசு. பொதுவாக, இன்ஃபீல்டரின் முதல் ஆட்டத்து எறியாக இருந்தால் பந்து வீசப்பட்டபோது ரன்னர்கள் இருந்த இடத்திலிருந்தும், மற்றபடி எறிந்த நேரத்து இடத்திலிருந்தும் அந்த இரண்டு பேஸை எண்ண வேண்டும். இந்த விலையையும் எறியின் கணக்கில் சேர்த்தால், எறியாமல் வைத்திருப்பது பல நேரம் தானே வெல்லும்.

இரண்டு அவுட் ஆனபின் மதிப்புக் கணக்கே வேண்டாம். எங்கே வாய்ப்பு அதிகமோ அங்கே. ஆனால் மூன்றாவது அவுட் ஃபோர்ஸாகவோ, அடித்தவர் ஃபர்ஸ்டைத் தொடுமுன்போ எடுக்கப்பட்டால் அதே ஆட்டத்தில் ஹோமைத் தொட்டவரின் ரன் செல்லாது. தொட்டு எடுக்கும் அவுட்டாக இருந்தால் யார் முந்தியது என்று பார்க்க வேண்டும். இதை விட்டுவிட்டால் ஸ்கோரே தப்பாகும்.

விதிகளில் இன்னும் மூன்று இடம் வழுக்கும். ஃபர்ஸ்ட் பேஸ்மேன் பந்தை எடுத்துத் தன் பேஸை முதலில் மிதித்துவிட்டால் அடித்தவர் அவுட். அதோடு முன்னால் ஓடுபவருக்கு இருந்த கட்டாயமும் போய்விட்டது. செகண்டில் அவரைத் தொட்டாக வேண்டும். ஃபோர்ஸ் நிலையைப் பந்து அடிபட்டபோது ஒருமுறை கணித்து வைத்தால் இங்கே மாட்டுவீர்கள். ஒவ்வொரு அவுட்டுக்குப் பின்னும் மறுபடி கணியுங்கள். அடுத்தது இன்ஃபீல்டு ஃபிளை: ஃபர்ஸ்ட், செகண்டில் ஆள், அல்லது மூன்று பேஸிலும் ஆள், இரண்டுக்கும் குறைவான அவுட். இன்ஃபீல்டர் சாதாரண முயற்சியில் பிடிக்கக்கூடிய மேலெழுந்த பந்து என்றால், பிடித்தாலும் விட்டாலும் அடித்தவர் அவுட். தாழ்வாகப் பாயும் பந்துக்கும், மேலெழுந்த பன்டுக்கும் இது பொருந்தாது. இந்த விதி இல்லாவிட்டால் உங்கள் ஆட்டக்காரர் பந்தை வேண்டுமென்றே விட்டுவிட்டு டபுள் பிளே எடுக்கக் கற்றுக்கொள்வார். மதிப்புக் கணக்கு அவரை அங்கேதான் தள்ளும். பந்தைத் தொட்டு வேண்டுமென்றே விடுவதற்கும் தனித் தடை உண்டு: ஃபர்ஸ்டில் ஆள் இருந்து இரண்டுக்கும் குறைவான அவுட் என்றால் அடித்தவர் அவுட், ரன்னர்கள் பழைய இடத்துக்கு.

யார் எந்த பேஸைக் காப்பது என்பது எறிபவரின் முடிவுக்கு முந்தையது. ஆளில்லாத பேஸுக்கு எறிவதுபோல் அசிங்கம் வேறில்லை. பந்து ஃபர்ஸ்ட் பக்கம் போனால் பிட்சர் உடனே ஃபர்ஸ்டுக்கு ஓட வேண்டும், நேராக அல்ல. பேஸுக்குப் பத்துப் பதினைந்து அடி முன்பே கோட்டருகே வந்து, கோட்டுக்கு உட்புறமாகவே ஓடி, வாங்கி மிதிக்க வேண்டும். நேர்க்கோட்டில் ஓடவிட்டால் அடித்தவரோடு மோதுவார். செகண்டுக்கு ஷார்ட்ஸ்டாப், செகண்ட் பேஸ்மேன் இருவரில் ஒருவர்தான். யார் என்பதைப் பந்து வீசுமுன் முடிவு செய்து ஒரு மாறியில் பூட்டி வையுங்கள். இல்லையேல் இருவரும் போவார்கள், அல்லது இருவரும் போகமாட்டார்கள்.

பன்டில் கணக்கு இப்படி: ஃபர்ஸ்ட், செகண்டில் ஆள், அவுட் இல்லை. ஃபர்ஸ்டில் ஒரு அவுட் எடுத்தால் நிலை 1.38, தேர்டில் ஃபோர்ஸ் கிடைத்தால் 0.88, தேர்டுக்கு எறிந்து தவறினால் மூன்று பேஸும் நிறைந்து 2.29. ஆக தேர்டுக்கு 65% உறுதி வேண்டும். 2020-இல் வந்து 2023-இல் நிரந்தரமான கூடுதல் இன்னிங்ஸ் விதிப்படி செகண்டில் ஒருவரை வைத்துத் தொடங்குவதால், இந்த ஆட்டங்களில் பன்டுத் தடுப்புக்கு வேலை அதிகம்.

கடைசி இன்னிங்ஸ்களில் எதிர்பார்க்கும் ரன் அட்டவணையை மூடி வையுங்கள். ஒன்பதாவது இன்னிங்ஸின் பின்பாதி, சமநிலை, தேர்டில் ஆள், ஒரு அவுட்: அந்த ரன் வந்தால் ஆட்டமே முடிந்தது. ஃபர்ஸ்டில் அவுட் எடுத்து என்ன பயன்? ஹோம் மட்டும்தான், அல்லது ஃபர்ஸ்டிலும் ஆள் இருந்தால் டபுள் பிளே. மூன்று ரன் முன்னிலையில் இருந்தால் நேர் எதிர். ரன்னை விட்டுக்கொடுத்து அவுட்டை வாங்க வேண்டும். ஏழாவது இன்னிங்ஸ் முதல் வெற்றி வாய்ப்பு அட்டவணைக்கு மாறுங்கள். அதை உங்கள் எஞ்சினையே சில லட்சம் முறை ஓடவிட்டுத் தயாரித்துக்கொள்ளலாம்.

சோதனைக்கு, மேஜர் லீக் ஆட்டங்களின் பதிவுகளைத் தொகுத்து வைக்கும் ரெட்ரோஷீட்டின் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதில் ஒவ்வொரு ஆட்டமும் நிலை எண்களால் எழுதப்பட்டிருக்கும்: 1 பிட்சர், 2 கேட்சர், 3 முதல் 5 வரை பேஸ்மேன்கள், 6 ஷார்ட்ஸ்டாப். உங்கள் ஆட்டத்தையும் அதே குறியீட்டில் எழுதிவைத்து, ஃபர்ஸ்டில் ஆள் இருந்து இரண்டுக்கும் குறைவான அவுட் உள்ள தரைப்பந்துகளை மட்டும் பிரித்தெடுங்கள். 6-4-3 எத்தனை, 6-4 மட்டும் எத்தனை, 6-3 எத்தனை என்ற விகிதம் இரண்டிலும் ஒத்துவர வேண்டும். 6-4 மட்டும் குறைவாக இருந்தால் செகண்டில் திரும்பும் நேரம் குறைவு. 6-3 அதிகம் என்றால் முடிவின் எல்லை கடுமை. பிழைகளையும் எண்ணுங்கள், மேஜர் லீக்கில் ஃபீல்டிங் சராசரி (பிழையில்லாமல் முடிந்த வாய்ப்புகளின் பங்கு) 0.984-ஐ ஒட்டியே இருக்கிறது. மொத்தச் சராசரி பொருந்திவிட்டது என்று அங்கேயே நின்றுவிடாமல், அடித்தவரின் ஓட்ட வேகத்தால் மூன்றாகப் பிரித்து மறுபடி பாருங்கள். மொத்தத்தில் சரியாக இருந்து, வேகமானவர்களுக்கு மட்டும் டபுள் பிளே கூடுதலாக வந்தால், உங்கள் ஷார்ட்ஸ்டாப்புக்கு யார் ஓடுகிறார் என்பது இன்னும் தெரியவில்லை. அடிப்பவரின் வேகம் அந்த முன்கூட்டிய அட்டவணைக்குள் போய்ச் சேருகிறதா என்று கோடில் தேடுங்கள்.